ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு என்ன? சிஆர்எம்மில் வாடிக்கையாளர் ஒர்க்ஃப்ளோ அமைப்பது பற்றி

கேள்வி: தொடர்பேடு

வணக்கம். சேவை தரும் நிறுவனம் ஒன்றின் சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் நிர்வகிக்கும் மென்பொருள்) அமைப்பை முதலிலிருந்து திருத்த வேண்டியிருக்கிறது. பயனர்கள் 8 பேர். சேவைகள் மூன்று வகை: ஒரே தடவையில் முடியும் ஆய்வு, 3 மாதத் திட்டப்பணி, ஆண்டுப் பராமரிப்பு. மென்பொருளையே மாற்றும் யோசனையும் இருப்பதால், எதில் அமைத்தாலும் பொருந்தும் முறையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இப்போது எல்லாம் ஒரே பைப்லைனில் (டீல், அதாவது ஒவ்வொரு விற்பனையும், கடந்து போகும் படிகளின் வரிசை) இருக்கிறது. ஸ்டேஜ்கள், அதாவது படிகள், 11: புதிய லீட் (வாங்கக்கூடியவர்), பேசியாயிற்று, ஆர்வம் உண்டு, விலை அனுப்பியது, பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், முன்பணம், ஆவணங்கள், தொடக்கக் கூட்டம், வேலை நடக்கிறது, முடிந்தது. டீல் "ஒப்பந்தம்" ஸ்டேஜுக்கு வந்ததும் ஒரு ஒர்க்ஃப்ளோ (தானாக இயங்கும் செயல் வரிசை) ஓடி வரவேற்பு மடல் அனுப்புகிறது; 14 டாஸ்க்குகளை உருவாக்குகிறது.

சிக்கல்கள் இவை:

1. சில வாடிக்கையாளர்களுக்கு வரவேற்பு மடல் இரண்டு முறை போகிறது. எல்லோருக்கும் அல்ல.
2. 14 டாஸ்க்கும் ஒரே நொடியில் வருவதால் முதல் வாரத்திலேயே எல்லாம் கெடு தாண்டிச் சிவப்பாகிவிடுகின்றன. பிறகு யாரும் அந்தப் பட்டியலைத் திறப்பதில்லை.
3. "ஆவணங்கள்" ஸ்டேஜில் டீல்கள் வாரக்கணக்கில் தேங்குகின்றன. நாம் கேட்காமல் தேங்குகிறதா, அவர்கள் தராமல் தேங்குகிறதா என்று திரையைப் பார்த்தால் தெரிவதில்லை.
4. பழைய வாடிக்கையாளர்கள் 400 பேரை சிஎஸ்வி (அட்டவணைத் தரவுக் கோப்பு) மூலம் ஏற்றியபோது அவர்களுக்கும் வரவேற்பு மடல் போய்விட்டது.
5. பணியாளர் விலகினால் அவர் பெயரிலேயே டாஸ்க்குகள் தொடர்ந்து உருவாகின்றன.

ஒர்க்ஃப்ளோவை மட்டும் திருத்தினால் போதுமா, பைப்லைனையே மாற்ற வேண்டுமா?

பதில் 1: நிரல்வேலி

பைப்லைனை இரண்டாக வெட்டுங்கள். உங்கள் பட்டியலில் 2ஆம், 3ஆம் சிக்கல்கள் ஒர்க்ஃப்ளோவின் தவறே அல்ல. ஸ்டேஜ்கள் வகுத்த விதம்தான் காரணம்.

விற்பனைப் பைப்லைன் கையெழுத்தோடு முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் நடப்பது ஆன்போர்டிங், அதாவது புதிய வாடிக்கையாளரைச் சேர்த்து வேலையைத் தொடங்கும் கட்டம். அதற்குத் தனி ரெக்கார்டு (பதிவு) வேண்டும். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் கணக்குகள் கெடும். "டீல் முடிய எத்தனை நாள் ஆகிறது" என்ற அறிக்கையில் வாடிக்கையாளர் ஆவணம் தராமல் இழுத்த நாள்களும் சேர்ந்துகொள்ளும். வருவாய் முன்கணிப்பில் கையெழுத்தானதும் ஆகாததும் கலந்து நிற்கும். ஒரே டீலில் ஆய்வையும் ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்து விற்றிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஆய்வு அடுத்த வாரம் முடியும், பராமரிப்பு அடுத்த மாதம் தொடங்கும், டீலுக்கோ ஒரே ஒரு ஸ்டேஜ்தான் இருக்கும். டீல் வென்றதும் விற்ற சேவை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆன்போர்டிங் ரெக்கார்டு உருவாகட்டும். உங்கள் சிஆர்எம் மென்பொருள் ஹப்ஸ்பாட் என்றால் இதற்கு டிக்கெட் பைப்லைனைப் பயன்படுத்தலாம். ஜோஹோவில் கஸ்டம் மாட்யூல், சேல்ஸ்ஃபோர்ஸில் கஸ்டம் ஆப்ஜெக்ட் (இரண்டும் நாமே உருவாக்கிக்கொள்ளும் ரெக்கார்டு வகைகள்).

அடுத்தது ஸ்டேஜின் பெயர். ஸ்டேஜ் என்பது நடந்து முடிந்த ஒன்றாக, சாட்சி காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். "ஆர்வம் உண்டு", "பேச்சுவார்த்தை" இரண்டும் விற்பனையாளரின் மனநிலை. ஒருவர் பார்வையில் பேச்சுவார்த்தை, இன்னொருவர் பார்வையில் செத்துப்போன டீல். அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். விற்பனைக்கு இவ்வளவு போதும்:

– தகுதி உறுதியானது. சாட்சி: தேவை என்ன, முடிவெடுப்பவர் யார், எப்போது தொடங்க வேண்டும் என்ற மூன்று ஃபீல்டுகளும் (தகவல் நிரப்பும் இடங்கள்) நிரம்பியிருக்கின்றன.
– விலைக்குறிப்பு அனுப்பப்பட்டது. சாட்சி: இணைத்த கோப்பு, தொகை, விலைக்குறிப்பு செல்லுபடியாகும் கடைசி நாள்.
– ஒப்பந்தம் அனுப்பப்பட்டது.
– வென்றது. சாட்சி: கையெழுத்தான நாள். முன்பணம் வராமல் வேலை தொடங்கக்கூடாது என்பது உங்கள் விதியானால் முன்பணம் வந்த நாளும் இங்கேயே.
– இழந்தது. காரணம் கட்டாயம், அதுவும் தேர்வுப் பட்டியலாக. எழுத விட்டால் "விலை", "விலை அதிகம்", "பட்ஜெட் இல்லை" என்று ஒரே காரணம் மூன்றாகப் பிரிந்து நிற்கும், எண்ணவே முடியாது.

ஆன்போர்டிங்கில் ஐந்து: விற்பனையிலிருந்து ஒப்படைக்கப்பட்டது, ஆவணங்கள் கேட்கப்பட்டன, ஆவணங்கள் முழுமை, தொடக்கக் கூட்டம் முடிந்தது, வேலை தொடங்கியது.

"காத்திருப்பு" என்று ஒரு ஸ்டேஜ் வைக்கும் ஆசை வரும். வைக்காதீர்கள். ரெக்கார்டு அங்கே போனதும் எந்தப் படியிலிருந்து போனது என்பது மறைந்துவிடும்; திரும்பி வரும்போது ஆளுக்கொரு படியில் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குப் பதில் "யாரிடம் நிற்கிறது" என்று ஒரு ஃபீல்டு: நம்மிடம், வாடிக்கையாளரிடம், வெளியாரிடம். கூடவே "எப்போதிலிருந்து" என்று ஒரு தேதி. முதல் ஃபீல்டு மாறும்போது தேதி தானாகப் பதிய வேண்டும். உங்கள் 3ஆம் கேள்விக்கு விடை இந்த இரண்டு ஃபீல்டுகள்தான். "ஆவணங்கள் கேட்கப்பட்டன" ஸ்டேஜில் இருப்பவற்றை இந்த ஃபீல்டால் பிரித்துப் பார்த்தால், நம் பக்கம் தூங்குவது எத்தனை என்று ஒரே பார்வையில் தெரியும்.

டாஸ்க்குகள்: 14ஐயும் ஒரே நேரத்தில் உருவாக்குவதற்கு எந்தத் தேவையும் இல்லை. ஸ்டேஜுக்குள் நுழையும்போது அந்த ஸ்டேஜுக்கு உரியவை மட்டும் பிறக்கட்டும். 2 முதல் 4 வரை. கெடுவை ஒப்பந்த நாளிலிருந்து எண்ணக்கூடாது, ஸ்டேஜில் நுழைந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஆவணம் 12 நாள் தாமதமானால் தொடக்கக் கூட்டத்தின் கெடுவும் தானாக 12 நாள் தள்ளிப்போகும், வீண் சிவப்பு வராது. இன்னொன்று: அந்த 14இல் தனியாக நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டியவை 6 அல்லது 7 தான் இருக்கும். "கோப்புறை உருவாக்கு", "குழுவில் சேர்" போன்றவை டாஸ்க் ஆக வேண்டியதில்லை. ரெக்கார்டிலேயே டிக் பெட்டியாக இருந்தால் போதும்.

பதில் 2: மணிக்கூண்டு

மேலே உள்ளதோடு உடன்படுகிறேன். இரட்டை மடல் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். "எல்லோருக்கும் அல்ல" என்று நீங்கள் எழுதியதில்தான் துப்பு இருக்கிறது.

பெரும்பாலும் ட்ரிகர் (ஒர்க்ஃப்ளோவைக் கிளப்புவது) "உருவாக்கும்போது அல்லது திருத்தும்போது" என்றும், நிபந்தனை "ஸ்டேஜ் = ஒப்பந்தம்" என்றும் இருக்கும். இதன் பொருள் "ஸ்டேஜ் ஒப்பந்தத்துக்கு மாறும்போது" அல்ல. "ஒப்பந்தத்தில் இருக்கும் ரெக்கார்டை யார் எதற்காகத் தொட்டாலும்" என்பதே பொருள். தொலைபேசி எண்ணில் ஒரு இலக்கத்தைத் திருத்தினாலும் மடல் போகும். திருத்தப்படாத டீல்களுக்கு ஒரு மடல், திருத்தப்பட்டவற்றுக்கு இரண்டு. சேல்ஸ்ஃபோர்ஸின் ஒர்க்ஃப்ளோ கருவியான ஃப்ளோவில் இந்த இரண்டும் வெவ்வேறு தேர்வுகளாகவே இருக்கின்றன: ஒவ்வொரு திருத்தத்திலும் நிபந்தனை பொருந்தினால் ஓடு, அல்லது பொருந்தாத நிலையிலிருந்து பொருந்தும் நிலைக்கு மாறும்போது மட்டும் ஓடு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. ஜோஹோவில் குறிப்பிட்ட ஃபீல்டு மாறினால் மட்டும் என்று வைக்கலாம். திருத்தும்போதெல்லாம் மீண்டும் ஓடச் சொல்லும் டிக் பெட்டி ஒன்றும் உண்டு, அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஹப்ஸ்பாட் எதிர்த்திசை: ஒரு ரெக்கார்டு ஒரு ஒர்க்ஃப்ளோவுக்குள் இயல்பாக ஒரே தடவைதான் நுழையும். ரீ-என்ரோல்மெண்டை (மறுபடி சேர்க்கும் வசதி) நாமே இயக்கியிருந்தால்தான் மறுபடி நுழையும்.

அதுவல்ல என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒரே டீலில் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்பாளர்கள் இணைந்திருக்கலாம். மடல் "இணைந்த எல்லாருக்கும்" என்று போனால், ஒரே மனிதருக்கு இரண்டு கான்டாக்ட் ரெக்கார்டு இருக்கும்போது இரண்டு மடல். இதற்கு "முதன்மைத் தொடர்பாளர்" என்று ஒரே ஒருவரைக் குறிக்கும் ஃபீல்டு வைத்து அவருக்கு மட்டும் அனுப்புங்கள். இன்னொன்று, தவறாக ஸ்டேஜைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னுக்குத் தள்ளுவது. ஸ்டேஜ் உண்மையிலேயே மாறுவதால் ட்ரிகரை எவ்வளவு சரியாக வைத்தாலும் இது தப்பிவிடும்.

ஆகவே ட்ரிகரைத் திருத்துவதோடு நிற்காமல் ஒரு முத்திரை ஃபீல்டு வையுங்கள்: "வரவேற்பு மடல் சென்ற நேரம்". அது காலியாக இருந்தால் மட்டும் ஒர்க்ஃப்ளோ மேலே போகும். முத்திரையை மடலுக்கு முன்பே குத்த வேண்டும், பின்பு அல்ல. பின்பு குத்தினால், இடைப்பட்ட சில நொடிகளில் இன்னொரு திருத்தம் வந்து மறுபடி அனுப்பிவிடும். முன்பே குத்தி, மடல் அனுப்புவதில் பிழை வந்தால் பொறுப்பாளருக்கு ஒரு டாஸ்க் போகட்டும். மடல் ஒருமுறை தவறினால் மனிதர் சரிசெய்துவிடலாம். இரண்டு முறை போனதைத் திரும்பப் பெற முடியாது.

இதையொட்டி இன்னொரு பொது விதி: ஒரு ஃபீல்டில் எழுதும் உரிமை ஒரே ஒரு ஒர்க்ஃப்ளோவுக்குத்தான். முதல் ஒர்க்ஃப்ளோ "முன்னுரிமை"யை மாற்ற, அது இரண்டாவதைக் கிளப்ப, அது "பொறுப்பாளர்" ஃபீல்டை மாற்ற, அது மறுபடி முதலாவதைக் கிளப்ப... இந்தச் சுழலைக் கண்டுபிடிப்பது அமைப்பதைவிடக் கடினம். ஒரு விரிதாளில் ஒர்க்ஃப்ளோ ஒன்றுக்கு ஒரு வரி: பெயர், எது கிளப்புகிறது, எந்த ஃபீல்டுகளைப் படிக்கிறது, எவற்றில் எழுதுகிறது, யார் பொறுப்பு. "எவற்றில் எழுதுகிறது" என்ற பத்தியில் ஒரே ஃபீல்டு இரண்டு இடத்தில் வந்தால் அங்கே நின்று பாருங்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் அதே ரெக்கார்டின் ஃபீல்டை மாற்றுவதானால், சேமிப்பதற்கு முன் ஓடும் ஃப்ளோவில் வையுங்கள். ரெக்கார்டு இரண்டாவது தடவை சேமிக்கப்படாது என்பதால் வேகமும் கிடைக்கும், சுழலும் குறையும். பழைய வழிகாட்டிகளில் வரும் ஒர்க்ஃப்ளோ ரூல், பிராசஸ் பில்டர் இரண்டுக்கும் அந்நிறுவனம் 2025 டிசம்பர் 31உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. புதிதாக அமைப்பதை ஃப்ளோவில் மட்டுமே அமைக்க வேண்டும்.

தொடர்பேடு

இருவருக்கும் மிக்க நன்றி. ட்ரிகர் நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது: "உருவாக்கும்போது அல்லது திருத்தும்போது".

இரண்டு துணைக் கேள்விகள். ஆவண நினைவூட்டல் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை தடவை போகலாம்? மறுபடி ஒரு பெரிய தரவு ஏற்றம் இருக்கிறது. அதில் மடல் போகாமல் தடுப்பது எப்படி?

பதில் 3: ஓரெழுத்து

நினைவூட்டல். "ஆவணங்கள் வந்தன" என்று ஒரே டிக் பெட்டி இருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். 6 ஆவணம் என்றால் 6 பெட்டி. அப்போதுதான் மடலில் வராதவற்றை மட்டும் எழுத முடியும். ஐந்தைக் கொடுத்துவிட்டவருக்கு மறுபடி ஆறையும் கேட்டு மடல் போனால், நாம் எதையும் பார்க்கவில்லை என்றுதான் அவர் நினைப்பார்.

அட்டவணை இப்படி இருக்கலாம், எல்லாம் வேலை நாள்கள்: 0ஆம் நாள் முதல் மடல், 2ஆம் நாள் சிறு நினைவூட்டல், 5ஆம் நாள் "இது வராமல் தொடக்கக் கூட்டத்தை இந்தத் தேதிக்குள் வைக்க முடியாது" என்று விளைவைச் சொல்லும் மடல், 8ஆம் நாள் மடலே இல்லை, பொறுப்பாளருக்கு "தொலைபேசியில் பேசு" என்ற டாஸ்க். அதோடு தானியங்கி நின்றுவிட வேண்டும். நான்காவது மடலை யாரும் படிப்பதில்லை.

எப்போது நிறுத்துவது என்பதைத் தொடங்கும் நிபந்தனை அளவுக்கே கவனமாக எழுதுங்கள். ஆவணங்கள் முழுமையானால் நிற்க வேண்டும். வாடிக்கையாளரிடமிருந்து எந்தப் பதில் மடல் வந்தாலும் "யாரிடம் நிற்கிறது" என்பது "நம்மிடம்" என்று மாறி, நினைவூட்டல் உறங்க வேண்டும். "வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்" என்று அவர் எழுதிய பிறகு வியாழக்கிழமை ஒரு நினைவூட்டல் போவது பெரிய அவமரியாதை. ஆன்போர்டிங் ரத்தானாலும் நிற்க வேண்டும். "3 நாள் காத்திரு, பிறகு மடல் அனுப்பு" என்று அமைத்தால், காத்திருப்பு முடிந்த இடத்தில் நிபந்தனையை மறுபடி சோதிக்கும் கிளை ஒன்று கட்டாயம் வேண்டும். உள்ளே நுழைந்தபோது உண்மையாக இருந்தது 3 நாள் கழித்தும் உண்மையாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. தேதி மட்டும் உள்ள ஃபீல்டும், தேதியோடு நேரமும் உள்ள ஃபீல்டும் ஒன்றல்ல. நேரத்தோடு உள்ளவை பெரும்பாலும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் சேமிக்கப்பட்டு, பார்ப்பவரின் நேர மண்டலத்துக்கு மாற்றிக் காட்டப்படும். நள்ளிரவை ஒட்டிய மதிப்பைத் தேதியாக மாற்றினால் ஒரு நாள் முன்னோ பின்னோ விழும். "புதுப்பிக்கும் நாளுக்கு 30 நாள் முன்" போன்ற ட்ரிகர்களுக்குத் தேதி மட்டும் உள்ள ஃபீல்டையே வையுங்கள். மடல் கிளம்பும் நேரத்தைத் தனியாகக் குறியுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சரிபாருங்கள்: செய்திமடல் வேண்டாம் என்று சந்தா நீக்கிய வாடிக்கையாளருக்கு உங்கள் ஆவண மடல் போகுமா? சந்தைப்படுத்தல் மடலாக அமைத்திருந்தால் போகாது. பிழைச் செய்தியும் கண்ணில் படாது. ஒப்பந்தம் சார்ந்த மடல்களைப் பரிவர்த்தனை வகையிலோ, பொறுப்பாளரின் சொந்த முகவரியிலிருந்து செல்லும் தனி மடலாகவோ அமைக்க வேண்டும். அனுப்பும் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மடல் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்தது என்று காட்டும் அமைப்புகள்) மூன்றையும் அமைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து இதில் கண்டிப்பாக இருக்கின்றன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். குறைவாக அனுப்புவோருக்கும் மூன்றையும் அமைத்துவிடுவதே பாதுகாப்பு.

தரவு ஏற்றம். "தானியங்கி நிறுத்தம்" என்று ஒரு டிக் பெட்டி ஃபீல்டு உருவாக்குங்கள். வெளியே எதையாவது அனுப்பும் ஒர்க்ஃப்ளோ ஒவ்வொன்றிலும் முதல் நிபந்தனை இந்தப் பெட்டி காலியாக இருக்க வேண்டும் என்பது. சிஎஸ்வியில் இதற்கென ஒரு பத்தி சேர்த்து எல்லா வரியிலும் "ஆம்" போட்டு ஏற்றுங்கள். ஏற்றி முடித்து, சரிபார்த்து, 20 20 ரெக்கார்டாக விடுவியுங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு வரவேற்பு மடலின் முத்திரை ஃபீல்டையும் சிஎஸ்வியிலேயே நிரப்பிவிட்டால் இரட்டைப் பூட்டு. ஏற்றும் திரையில் "ஒர்க்ஃப்ளோக்களை இயக்கவா" என்று கேட்கும் வசதி இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஹப்ஸ்பாட்டில் புதிய ஒர்க்ஃப்ளோவை இயக்கும் நொடியில், ஏற்கெனவே நிபந்தனைக்குப் பொருந்தும் ரெக்கார்டுகளையும் சேர்க்கவா என்று கேட்கும். அவசரத்தில் ஆம் என்று அழுத்தினால் 400 மடல் மறுபடியும் போகும்.

கோப்பில் பார்க்க வேண்டியவை:

சிஎஸ்வியை யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் காக்கும் குறியாக்கம்) ஆகச் சேமியுங்கள். எக்செல்லில் அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது. சாதாரண சிஎஸ்வி ஆகச் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

தொலைபேசி எண் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவமாக மாற்றுங்கள். எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டால் முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கும், நீளமான எண்ணை அடுக்குக்குறி வடிவில் சுருக்கும். அப்படியே சேமித்தால் இலக்கங்கள் போனவைதான். வடிவம் ஒரே மாதிரி இருக்கட்டும்: கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண், இடைவெளி இல்லாமல். தொலைபேசி எண்களுக்கான இ.164 என்ற உலகத் தரப்படி மொத்தம் 15 இலக்கத்துக்கு மேல் போகாது.

தேதி 2026-04-03 என்ற வடிவில். 03/04 என்று எழுதினால் மூன்றாம் மாதமா நான்காம் மாதமா என்பதை மென்பொருள் தன் அமைப்பைப் பார்த்து முடிவு செய்யும். 12க்கு மேற்பட்ட நாள்களில் மட்டும் பிழை காட்டும். மற்றவற்றைத் தவறான மாதத்தில் சத்தமில்லாமல் ஏற்றிவிடும். இது மாதக்கணக்கில் வெளியே தெரியாத தவறு.

இரட்டைப் பதிவு: ஹப்ஸ்பாட் தொடர்பாளரை மின்னஞ்சலாலும் நிறுவனத்தை டொமைன் பெயராலும் அடையாளம் காணும். ஒரு அலுவலகத்தில் மூவர் ஒரே பொது முகவரியைப் பயன்படுத்தினால் மூவரும் ஒரே ரெக்கார்டாகிவிடுவார்கள். ஒருவர் பெயர் மட்டும் மிஞ்சும். முகவரிப் பத்தியில் ஒன்றே இரண்டு வரிகளில் வருகிறதா என்று ஏற்றுவதற்கு முன்பே பாருங்கள்.

முதலில் 5 வரி, பிறகு 50, பிறகு மீதி.

பதில் 4: நிரல்வேலி

5ஆம் கேள்வி விடுபட்டுவிட்டது. ஒர்க்ஃப்ளோவில் ஆளின் பெயரை எழுதவே கூடாது. ரெக்கார்டில் "விற்பனைப் பொறுப்பு", "ஆன்போர்டிங் பொறுப்பு", "மாற்று ஆள்" என்று மூன்று பயனர் ஃபீல்டுகள் வைத்து, டாஸ்க்கை அந்த ஃபீல்டில் இருப்பவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் விலகும்போது வரிசை முக்கியம்: அவர் பெயரிலுள்ள திறந்த ரெக்கார்டுகளை மாற்று, திறந்த டாஸ்க்குகளை மாற்று, ஒர்க்ஃப்ளோக்களிலும் மடல் டெம்ப்ளேட்டுகளிலும் பெயர் இருக்கிறதா என்று தேடு, அதன்பிறகே கணக்கை முடக்கு. முதலில் முடக்கிவிட்டால், முடக்கப்பட்ட பயனருக்கு ரெக்கார்டு ஒதுக்க முயலும் ஒர்க்ஃப்ளோ பிழையில் நின்றுவிடும். அதன் பிழை அறிவிப்பு மடலும் அந்த விலகியவருக்கே போவதாக அமைந்திருந்தால் யாருக்கும் தெரியாது. பிழை அறிவிப்பு எப்போதும் குழு முகவரிக்குப் போகட்டும்.

இணைப்புகளையும் பாருங்கள். கணக்கு மென்பொருள், படிவம் போன்றவற்றை அவருடைய லாகினில் இணைத்திருந்தால் கணக்கை முடக்கும் அதே நொடியில் அவையும் அறும். இணைப்புக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று வைப்பது நல்லது.

பதில் 5: மணிக்கூண்டு

கட்டாய ஃபீல்டுகள் பற்றி நிரல்வேலி சொன்னதில் ஒரு எல்லை வைக்க விரும்புகிறேன். சாட்சி வேண்டும் என்பது சரி; ஆனால் ஒரு ஸ்டேஜுக்கு 3 கட்டாய ஃபீல்டுக்கு மேல் போகாதீர்கள். 8 ஃபீல்டை நிரப்பினால்தான் நகரும் என்று பூட்டினால், புள்ளியும் "123"உம் நிரப்பி நகர்த்திவிடுவார்கள். காலியான ஃபீல்டைக் கண்டுபிடிக்கலாம்; பொய்யாக நிரம்பிய ஃபீல்டை எந்த அறிக்கையும் கண்டுபிடிக்காது.

ஜோஹோவின் புளூபிரிண்ட் போன்ற வசதியில் ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்கு எந்த வழி திறந்திருக்கிறது, யார் நகர்த்தலாம், நகர்த்தும்போது எந்த ஃபீல்டு கேட்கப்படும் என்பதையெல்லாம் வரையலாம். ஆன்போர்டிங்குக்கு மிகப் பொருத்தம். ஆனால் பின்னோக்கிப் போகும் வழியையும், "ரத்து" என்ற வழியையும் சேர்த்து வரையுங்கள். முன்னோக்கி மட்டும் வரைந்தால், தவறி நகர்த்திய ரெக்கார்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும். விற்பனைப் பைப்லைனுக்கு இவ்வளவு இறுக்கம் வேண்டாம் என்பது என் கருத்து. முதல் பேச்சிலேயே கையெழுத்துக்கு வரும் வாடிக்கையாளர் உண்டு. அவருக்காக மூன்று ஸ்டேஜை வரிசையாக அழுத்த வைப்பதில் பயன் இல்லை.

திரையில் கேட்கும் கட்டாயம் எல்லா வாசலையும் அடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸின் வேலிடேஷன் ரூல் (சேமிக்கும்போது சரிபார்க்கும் விதி) ஏபிஐ (பிற மென்பொருள்கள் இணையும் வழி) வழியாகவும் கோப்பு வழியாகவும் வருவதையும் தடுக்கும். திரையில் மட்டும் கட்டாயமாக்கும் வசதிகள் அப்படித் தடுப்பதில்லை. படிவத்திலிருந்து வெப்ஹூக் (ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குத் தானாக அனுப்பும் செய்தி) மூலம் ரெக்கார்டு வருகிறது என்றால், பெறும் பக்கத்திலேயே சோதனை வேண்டும். வெப்ஹூக்கில் இன்னொரு தொல்லை: பதில் தாமதமானால் அனுப்பிய பக்கம் அதே செய்தியை மறுபடி அனுப்பக்கூடும். ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் வைத்து, அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி அதே இரட்டை மடல் கதைதான்.

தொடர்பேடு

பைப்லைனைப் பிரித்துவிட்டேன். விற்பனை 5 ஸ்டேஜ், ஆன்போர்டிங் 5 ஸ்டேஜ். 14 டாஸ்க்கில் 7 மட்டும் டாஸ்க்காக நிற்கிறது, மீதி 7 டிக் பெட்டிகள். முத்திரை ஃபீல்டு, "யாரிடம் நிற்கிறது", "தானியங்கி நிறுத்தம்" மூன்றும் சேர்த்தாயிற்று. நேரடியாக இயக்கிவிடலாமா, சோதனைக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில் 6: ஓரெழுத்து

சாண்ட்பாக்ஸ் (சோதனைக்கான தனி நகல் கணக்கு) இருந்தால் அதில். இல்லாவிட்டால் "சோதனை" என்று குறித்த ரெக்கார்டுகளோடு உண்மைக் கணக்கிலேயே செய்யலாம். எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஒரு ரெக்கார்டை மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெக்கார்டு வேண்டும்: ஒரு ஸ்டேஜைத் தாண்டிக் குதித்தது, பின்னுக்குப் போய்த் திரும்பி வந்தது, இரண்டு தொடர்பாளர் உள்ளது, மின்னஞ்சலே இல்லாதது, பொறுப்பாளர் ஃபீல்டு காலியானது, காத்திருப்பின் நடுவில் ரத்தானது, ஒரே டீலில் இரண்டு சேவை. பொறுப்பாளர் காலியாக உள்ளதில்தான் அதிகம் உடையும். அதற்கென்று ஒரு பொது வரிசையோ இயல்பான ஆளோ இருக்க வேண்டும்.

காத்திருப்பைச் சோதிக்க "5 நாள்" என்பதை "5 நிமிடம்" என்று மாற்றிவைத்தால், திரும்ப மாற்ற மறந்துபோகும் அபாயம் உண்டு. அதற்குப் பதில், கணக்கு எந்தத் தேதி ஃபீல்டிலிருந்து எண்ணப்படுகிறதோ அதைப் பின்தேதியிட்டுப் பாருங்கள்.

மொத்தமாக ஏற்றியும் ஒரு சோதனை வேண்டும். ஒரு ரெக்கார்டில் ஓடும் ஒர்க்ஃப்ளோ 200இல் விழலாம். சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு பரிவர்த்தனைக்குள் (ஒன்றாகச் சேர்ந்து ஓடும் செயல்தொகுதி) 150 எழுதும் செயல்கள் என்ற வரம்பு உண்டு. சுழலுக்குள் ரெக்கார்டு ஒவ்வொன்றாகச் சேமிக்கும்படி ஃப்ளோ வரைந்திருந்தால் அந்த வரம்பைத் தொட்டு மொத்தத் தொகுதியும் திரும்பிவிடும். சுழலில் பட்டியலைச் சேர்த்துவைத்து, வெளியே வந்ததும் ஒரே தடவையில் சேமிக்க வேண்டும்.

இயக்கும்போது ஒரு நாளைக்கு ஒரு ஒர்க்ஃப்ளோ. எல்லாவற்றையும் ஒரே காலையில் இயக்கினால் எது எதைக் கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது. முதலில் உள்ளுக்குள் மட்டும் எழுதுபவை: தேதி முத்திரை, டாஸ்க். வாடிக்கையாளருக்கு மடல் அனுப்புபவை கடைசியில். அவற்றையும் முதல் 5 வேலை நாள்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பாமல் பொறுப்பாளருக்கே அனுப்பும்படி வையுங்கள். அவர் படித்துப் பார்த்துக் கையால் அனுப்பட்டும். பெயர் ஃபீல்டு காலியாக இருந்து "அன்புள்ள ," என்று தொடங்கும் மடல்கள் அந்த வாரத்திலேயே பிடிபடும்.

அந்த 5 நாளும் மாலையில் ஒர்க்ஃப்ளோவின் இயக்க வரலாற்றைத் திறந்து மூன்று எண்களைக் குறியுங்கள்: எத்தனை ரெக்கார்டு நுழைந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை பிழையில் நின்றது. நுழைந்தது அன்று வென்ற டீல்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால் ட்ரிகர் இன்னும் அகலமாக இருக்கிறது. இரண்டு சேவை விற்ற டீல் ஒன்றுக்கு இரண்டு ஆன்போர்டிங் ரெக்கார்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடர்பேடு

தெளிவாகப் புரிந்தது. நாளை தேதி முத்திரை ஒர்க்ஃப்ளோவை முதலில் இயக்குகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: ஆண்டுப் பராமரிப்பைப் புதுப்பிக்கும்போது பழைய டீலையே மறுபடி திறக்கலாமா?

பதில் 7: நிரல்வேலி

வேண்டாம். திறந்தால் போன ஆண்டின் வென்ற தேதியும் தொகையும் அழிந்து, சென்ற ஆண்டு அறிக்கையே மாறிவிடும். ஒப்பந்தம் முடியும் நாளுக்கு 60 நாள் முன்பு "புதுப்பித்தல்" வகையில் புதிய டீல் ஒன்று உருவாகட்டும். பழைய டீலின் இணைப்பு, தொகை, முதன்மைத் தொடர்பாளர் மூன்றையும் நகலெடுக்க வேண்டும்; மடல் முத்திரைகளை நகலெடுக்கக் கூடாது. புதுப்பித்தல் வென்றால் ஆன்போர்டிங் ரெக்கார்டு உருவாகத் தேவையில்லை, ஆகவே அந்த ஒர்க்ஃப்ளோவின் நிபந்தனையில் "டீல் வகை = புதியது" என்பதை இன்றே சேர்த்துவிடுங்கள்.